வயிற்றுக்குள் ஒரு முடி உருண்டை

போன வாரம் காலை நடையின்போது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். நான்காம் வகுப்பு படிக்கும் அவருடைய பேத்தி எந்நேரமும் ஜடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருக்கிறாளாம். பாட்டி ஜடை நுனியில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாராம். மறுநாள் வேப்பெண்ணெயோடு சேர்த்தே சப்பிக்கொண்டிருந்தாளாம். கூட நடந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடிக்கிறாளா, விழுங்குறாளா?" என்று கேட்டேன்.

நண்பர் நின்றுவிட்டார். "முடியைப் போய் யாராவது விழுங்குவாங்களா சார்?" என்றார்.

விழுங்குவார்கள். முப்பத்து நான்கு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன் நான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையையும், அதன்பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பழைய சரித்திரத்தையும் இந்தப் பதிவில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1976-இல் ஒரு காலை

தென் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் சர்ஜரி வார்டிலிருந்து பேரியம் மீல் பரிசோதனைக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். சீட்டில் வயது 14 என்று எழுதியிருந்தது. பார்த்தால் பத்துதான் மதிக்கலாம். கூட அம்மாவும் அப்பத்தாவும் வந்திருந்தார்கள்.

மேல் வயிற்றில் ஒரு கட்டி. கையை வைத்தாலே தட்டுப்படும். ஆறு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் உண்டதும் போதும் என்பாள், மீறிக் கொடுத்தால் வாந்தி. முகம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் போனால் வாய் நாற்றம்.

நோயைவிட ஊர்ப்பேச்சுதான் அந்தக் குடும்பத்தை வதைத்துக்கொண்டிருந்தது. பெரிய மனுஷியான, கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு மேடிட்டால் கிராமம் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேடி டாக்டர் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஆனாலும் அம்மாவுக்கு ஆறுதல் இல்லை. எக்ஸ்ரே அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது இல்லைன்னு மட்டும் படத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

அதற்கு முன்பே கோடாங்கியிடம் மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறார்கள். உடுக்கை அடித்துப் பார்த்துவிட்டு, யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொன்னாராம். பெண்ணின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. "அங்க பிடுங்கினதா?" என்று கேட்டேன். "இல்லய்யா, அதுக்கு முந்தியே கொட்டிப்போச்சு" என்றார் அப்பத்தா. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் டிவி திரையெல்லாம் கிடையாது. டாக்டர் கால் மணி நேரம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொள்வார். பிறகு இருட்டறையில் மங்கலாக ஒளிரும் திரையில் பார்ப்பார். சுண்ணாம்புக் கரைசல் போல இருக்கும் பேரியத்தைக் குடிக்க எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெண் ஒரு சத்தமும் இல்லாமல் குடித்தாள்.

வழக்கமாக பேரியம் இரைப்பையை நிறைத்துக்கொண்டு தெரியும். அன்று அது நடுவே எதன்மீதோ மோதி, இரண்டு ஓரமாகவும் வழிந்து இறங்கியது. நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்தோம். பேரியத்தில் பெரும்பகுதி குடலுக்குப் போய்விட்டது. இரைப்பையில் மட்டும் தேனடை போலப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்த டாக்டர், "இது உடம்புல வளர்ந்த கட்டி இல்லப்பா. வெளியே இருந்து உள்ளே போனது" என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் நான் அன்று கற்றுக்கொண்ட பாடம். அம்மாவையும் அப்பத்தாவையும் வெளியே உட்காரச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தாயி, நான் உன்னை வைய மாட்டேன். முடி சாப்பிடுவியா?" என்று கேட்டார். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு தலை மட்டும் அசைந்தது.

"எப்ப சாப்பிடுவே?"

"மத்தியானம். யாரும் இல்லாதப்ப."

தன் தலையில் இருந்து பிடுங்கியது போக, கூரையில் இருந்தும் எடுத்திருக்கிறாள். என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்துப் பெண்கள் தலை வாரியதும் சீப்பில் வந்த முடியைக் கீழே போட மாட்டார்கள். விரலில் சுற்றிச் சுருட்டி, கூரை ஓலை இடுக்கில் செருகி வைப்பார்கள். சவுரி முடி வாங்குகிறவர் வந்தால் அதைக் கொடுத்து ஊசி, பாசி, சின்னப் பாத்திரம் வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சுருளும் அவள் வயிற்றுக்குள் போயிருந்தது.

அடுத்த வாரம் ஆபரேஷன். இரைப்பையைத் திறந்து எடுத்ததை ஒரு டிரேயில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். முக்கால் கிலோ இருந்தது. கருகருவென்று, வழவழப்பாக, இரைப்பையை அச்சில் வார்த்து எடுத்தது போலவே அதன் வளைவோடு இருந்தது. நாற்றம் வராந்தா வரை வந்தது. அதை ஃபார்மலின் ஜாடியில் போட்டு, மாணவர்கள் பார்ப்பதற்காக மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரின் வாயும் அடைந்தது. தையல் பிரித்து, "காயம் ஆறியது" என்று எழுதிப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினோம்.

அவள் கதை அத்தோடு முடியவில்லை. மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விஷமுறிவுக் கல்

இந்த மாதிரி உருண்டைக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பெசோவர். முடியால் ஆனது என்றால் டிரைக்கோ பெசோவர். டிரைக்கோ என்றால் கிரேக்க மொழியில் முடி. பெசோவர் என்ற சொல் பாரசீகத்தில் இருந்து வந்தது. 'பாத்-ஜஹர்' என்றால் விஷத்துக்குக் காப்பு என்று பொருள். அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இந்த உருவம் எடுத்துவிட்டது.

ஒரு நோயின் பெயரில் விஷமுறிவு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பாரசீக மலைகளில் மேயும் ஒருவகைக் காட்டு ஆட்டின் வயிற்றில் சில சமயம் ஒரு கல் கிடைக்கும். நடுவில் ஒரு விதையோ நாரோ முடியோ இருக்கும். அதன்மேல் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகப் படிந்து வழவழவென்று உருண்டிருக்கும். இதை உரசிக் குடித்தால் எந்த விஷமும் முறிந்துவிடும் என்று பல நூறு வருஷம் நம்பினார்கள். யார் எப்போது விஷம் வைப்பார்களோ என்று பயந்துகொண்டே சாப்பிட்ட ராஜாக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தங்கக் கூட்டில் பதித்து வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியிடமும் ஒன்று இருந்தது.

கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி 1563-இல் கோவாவிலேயே அச்சிட்ட புத்தகத்தில் இந்தக் கல்லைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கோவாவில் இருந்த ஏசு சபைத் துறவிகள் ஒரு படி மேலே போனார்கள். ஆட்டு வயிற்றுக் கல் போதவில்லை என்று, கஸ்தூரி, அம்பர், ரத்தினப் பொடியெல்லாம் கலந்து செயற்கையாகவே உருட்டித் தங்க ரேக் ஒட்டி விற்றார்கள். அதற்குக் 'கோவாக் கல்' என்று பெயர். ஐரோப்பாவில் நல்ல விலைக்குப் போனது.

நாம் சிரிக்க வேண்டாம். நம் வீட்டில் பிள்ளைக்கு உரசிக் கொடுத்த கோரோசனை என்ன? மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்தானே. மிருகத்தின் வயிற்றில் விளைந்த கல்லில் மருந்து இருக்கிறது என்ற எண்ணம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் பிரான்ஸ் தேசத்து அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே. 1560-களில், ஒன்பதாம் சார்லஸ் மன்னரிடம் யாரோ ஒரு பெசோவர் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லா விஷத்துக்கும் ஒரே முறிவு என்று எதுவும் இருக்க முடியாது என்றார் பாரே. அப்போது வெள்ளித் தட்டு திருடியதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட சமையல்காரன் ஒருவன் சிறையில் இருந்தான். விஷம் குடித்து இந்தக் கல்லையும் உண்டு பிழைத்தால் விடுதலை என்றார்கள். தூக்கைவிட இது மேல் என்று அவன் ஒப்புக்கொண்டான். பாதரச விஷத்தைக் கொடுத்தார்கள், கல்லையும் கொடுத்தார்கள். ஏழு மணி நேரம் துடிதுடித்துச் செத்தான். மன்னர் அந்தக் கல்லை நெருப்பில் போடச் சொன்னார்.

ஒரு கல் நெருப்பில் போனதால் வியாபாரம் நிற்கவில்லை. லண்டனில் ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லைப் பெசோவர் என்று சொல்லி 100 பவுனுக்கு விற்க, அது போலி என்று வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனார். 1603-இல் தீர்ப்பு வாங்கியவருக்கு எதிராகவே வந்தது. விற்றவர் பெசோவர் என்று சொன்னாரே தவிர, அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லையாம்! வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற சட்டக் கொள்கைக்கு இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

ஆட்டின் வயிற்றுக் கல்லுக்கு இத்தனை மரியாதை. மனிதர் வயிற்று உருண்டையை யாராவது கவனித்தார்களா?

மனிதர் வயிற்றில்

மருத்துவ நூல்களில் இதற்கு முதல் சாட்சியாகச் சொல்லப்படுவது 1779-இல் போதமான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய குறிப்பு. அவர் சொன்ன நோயாளி 16 வயதுப் பையன். அப்போதெல்லாம் ஆள் இறந்த பிறகு வயிற்றை அறுத்துப் பார்த்தால்தான் இது தெரியவரும். உயிரோடு இருக்கும் நோயாளியின் வயிற்றைத் திறந்து முடி உருண்டையை எடுத்த முதல் ஆபரேஷன் 1883-இல், ஷோன்போர்ன் என்ற ஜெர்மானிய சர்ஜன் செய்தது. மயக்க மருந்தும், கிருமி அண்டாமல் ஆபரேஷன் செய்யும் முறையும் வந்த பிறகுதான் இது சாத்தியம் ஆனது.

ஆறு வருஷம் கழித்து, 1889-இல், பாரிஸ் தோல் மருத்துவர் ஹலோப்போ வேறொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். தன் முடியைத் தானே பிடுங்கும் ஓர் இளைஞனைப் பார்த்து, இந்தப் பழக்கத்துக்கு டிரைக்கோடில்லோமேனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் முடி, பிடுங்கல், பித்து என்ற மூன்று சொற்கள் சேர்ந்தது. வயிற்றில் இருப்பதை ஒருவர் பார்த்தார், தலையில் நடப்பதை இன்னொருவர் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளின் துன்பமாக இருக்கலாம் என்பதைச் சேர்த்துப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. முடி பிடுங்கும் பழக்கம் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பிடித்ததே 1987-இல்தான்.

1938-39-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்த மைக்கேல் டிபேக்கியும் ஆல்டன் ஆக்ஸ்னரும் அதுவரை உலகில் பதிவான பெசோவர்களை எல்லாம் தேடிச் சேர்த்தார்கள். 303 கிடைத்தன. பிற்காலத்தில் இதய ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்ற அதே டிபேக்கிதான். அந்த 303-இல் பாதிக்கு மேல் முடி உருண்டைகள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் இளம்பெண்கள். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்குக் கட்டி கையில் தட்டுப்பட்டது. அதாவது, கண்டுபிடிக்கும் வேளையில் அது அவ்வளவு பெரிதாகியிருந்தது.

1968-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் இன்னொரு வகையை எழுதினார்கள். முடி உருண்டை இரைப்பையோடு நிற்காமல், பின்னல் மாதிரி ஒரு வாலாகச் சிறுகுடலுக்குள் நீண்டு கிடந்தது. அதற்கு 'ரபன்ஸல் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைகளில், கோபுரத்தில் அடைத்து வைக்கப்பட்டு, தன் நீண்ட கூந்தலைச் சன்னல் வழியே தொங்கவிடும் பெண்தான் ரபன்ஸல். கூந்தலின் நீளத்தை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயரைப் படித்ததும் கூந்தல் ஞாபகம் வரவில்லை. அடைத்து வைக்கப்பட்ட பெண் என்பதுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏன் செரிப்பதில்லை, எப்படி எடுப்பது

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும் அதே சரக்குதான். நம் வயிற்று அமிலத்தால் அதைக் கரைக்க முடியாது. மற்ற உணவைப் போல இரைப்பை அதைத் தள்ளிவிடவும் முடியாது. வழுக்கிக்கொண்டு இரைப்பையின் மடிப்புகளில் தங்கிவிடும். ஒன்றோடு ஒன்று சிக்கி, சளியும் சாப்பாட்டுக் கொழுப்பும் சேர்ந்து, நாளாக நாளாகக் கம்பளி மாதிரி இறுகும். கொழுப்பு உள்ளேயே கெட்டுப்போவதால்தான் வாய் நாற்றம். அமிலம் பட்டுப் பட்டு நிறம் மாறி, பொன்னிற முடிக்காரர்களின் உருண்டைகூடக் கருப்பாகத்தான் வருமாம். இரைப்பையில் இடம் இல்லாததால் இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிடும். ரத்தசோகை வரும், எடை குறையும். முற்றினால் குடல் அடைப்பு, இரைப்பையில் புண், ஓட்டை என்று உயிருக்கே ஆபத்து.

இன்று பேரியம் மீலுக்கு வேலை குறைந்துவிட்டது. அல்ட்ராசவுண்டில் ஒரு வெள்ளைக் கோடும் அதன் பின்னே கருநிழலும் தெரியும். சி.டி. ஸ்கேனில் உருண்டையும், அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். எண்டோஸ்கோப்பியில் முடியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பார்க்கலாமே தவிர, பெரிய முடி உருண்டையை எண்டோஸ்கோப்பி வழியாக இழுத்து எடுப்பது பெரும்பாலும் முடிவதில்லை. பழம், காய்களின் நார் சேர்ந்து உண்டாகும் இன்னொரு வகை உருண்டை உண்டு. அதைக் கோக கோலா ஊற்றிக் கரைக்கலாம் என்று கிரேக்க நாட்டு டாக்டர்கள் 2002-இல் எழுதினார்கள். வேடிக்கை இல்லை, நிஜமாகவே பலருக்குக் கரைந்திருக்கிறது. முடி உருண்டையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. சிறியது என்றால் லேப்ராஸ்கோப்பி முறையில் முயல்வார்கள். பெரியது என்றால் 1883-இல் செய்தது போல வயிற்றைத் திறந்து எடுப்பதுதான் இன்றும் வழி. குடலுக்குள் வேறு துண்டு கிடக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் அது பிறகு அடைத்துக்கொள்ளும்.

2007-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் வந்தது. சிகாகோவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் இருந்து எடுத்த உருண்டை, நாலரை கிலோ. 2020 ஜனவரியில் நம் கோவையிலேயே 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றில் இருந்து அரை கிலோ முடியும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுத்தார்கள். நெருங்கிய உறவினர் இறந்த துக்கத்தில் அந்தப் பழக்கம் வந்தது என்று பத்திரிகைகளில் படித்தோம். ஆகவே இது ஏதோ பழைய காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம்.

கோடாங்கி சொன்னதும் நாங்கள் விட்டதும்

நம் பக்கத்தில் முடிக்கும் பேய்க்கும் பெரிய சம்பந்தம் உண்டு. பேய் பிடித்த பெண்ணின் உச்சி முடியில் ஒரு கற்றையைப் பிடுங்கிப் புளிய மரத்தில் ஆணி அடித்து இறக்குவார்கள். வசிய மருந்து வைத்திருக்கிறது என்று சொல்லி, வயிற்றிலிருந்து அதை உறிஞ்சி எடுப்பதாக ஒரு முடிக்கற்றையைக் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கோடாங்கி பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெண்ணின் வயிற்றில் இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறது என்றார். இருந்தது. அதை இன்னொருவர் வைத்ததாகச் சொன்னதுதான் தப்பு. அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் மட்டும் என்ன கேட்டுவிட்டோம்? முடி சாப்பிடுவாயா என்று டாக்டர் கேட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எடுத்தோம், தைத்தோம், அனுப்பினோம். இந்தப் பழக்கம் திரும்ப வரும், கவனியுங்கள் என்று அந்தத் தாயிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படம் எடுப்பதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

1979-இல் அவள் மறுபடி வந்தாள். சீட்டில் வயது 17. முகம் எனக்கு மறந்துவிட்டது. மேசையில் படுக்கவைத்தபோது வயிற்றில் இருந்த நெட்டைத் தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. அதே பேரியம், அதே தேனடை. இந்தத் தடவை உருண்டை சிறியது. மறுபடி கத்தி, மறுபடி தையல்.

அந்த வார்டில் அப்போது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தார். கறாரான மனுஷி, டாக்டர்களே கொஞ்சம் பயப்படுவார்கள். ராத்திரி டூட்டியில் அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் கேட்காததைக் கேட்டு வாங்கிவிட்டார். அவள் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். நன்றாகப் படிப்பாளாம். பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், தம்பி பள்ளிக்கூடம் போய்விடுவான். சமைத்து வைத்துவிட்டால் மத்தியானம் முழுக்க அவளும் நான்கு சுவரும்தான். அந்த நேரத்தில் கை தானாகத் தலைக்குப் போகும், தலையில் இருந்து வாய்க்குப் போகும். ரபன்ஸல் என்ற பெயரைப் படித்தபோது எனக்கு ஏன் கோபுரம் ஞாபகம் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

நர்சம்மா அடுத்த நாளே ஒரு காரியம் செய்தார். வார்டுக்கு வரும் காஸ் துணியை வெட்டி மடிக்கும் வேலையை அவள் கையில் கொடுத்தார். தலையை எண்ணெய் தடவி இழுத்துப் பின்னி, ஒரு துணியைக் கட்டிவிட்டார். கை மேலே போவது தெரிந்தால் உடனே துணியை எடுத்து மடி என்று சொல்லிக் கொடுத்தார். அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "அடிச்சாலும் வைஞ்சாலும் இது நிக்காதும்மா. மத்தியானத்துல இவளைத் தனியா விடாதீங்க, அது போதும்" என்றார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள், டவுனில் மாதர் சங்கம் நடத்திய தையல் வகுப்பில் சேர்க்கவும் பேசி முடித்துவிட்டார். பெண் பஸ்ஸில் வந்து போவதா என்று அப்பத்தா இழுத்தார். "இன்னொரு தடவை இதே வயித்தைக் கிழிக்கணுமா?" என்று நர்சம்மா கேட்டதும் பேச்சு நின்றது.

பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். 1973-இல் அமெரிக்காவில் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதே மாதிரி பழக்கங்களுக்கு ஒரு சிகிச்சை முறை எழுதியிருக்கிறார்கள். கை எப்போது போகிறது என்று நோயாளி தானே கவனிக்கப் பழக வேண்டும். போகும்போது அதே கைக்கு வேறு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வீட்டார் திட்டாமல் துணை நிற்க வேண்டும். இன்றும் முடி பிடுங்கும் பழக்கத்துக்கு மனநல நிபுணர்கள் முதலில் கொடுக்கும் சிகிச்சை இதன் வழிவந்ததுதான். எங்கள் நர்சம்மா அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்தப் பெண் ஒரு வருஷம் வரை மாதா மாதம் வார்டுக்கு வந்து நர்சம்மாவிடம் தலையைக் காட்டிவிட்டுப் போவாள். உச்சியில் முதலில் புல் மாதிரி முளைத்து, பிறகு மற்ற முடியோடு சேர்ந்து பின்ன வந்தது. கடைசியாகப் பார்த்தபோது தானே தைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். நர்சம்மா என்னைக் கூப்பிட்டு அந்தத் தையலைக் காட்டினார்.

தாத்தா பாட்டிகளுக்கு

ஜடை நுனியைக் கடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் உருண்டை வந்துவிடாது, பயப்பட வேண்டாம். முடியைப் பிடுங்குகிறவர்களிலும் எல்லோரும் விழுங்குவதில்லை. ஆனால் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். தலையில் ஓர் இடத்தில் மட்டும் முடி குறைகிறதா? சீக்கிரம் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாளா? அடிக்கடி வாந்தி, வயிற்று வலி, காரணம் தெரியாத வாய் நாற்றம், வெளிறிய முகம் இருக்கிறதா? அப்படியானால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முடி விழுங்கும் பழக்கம் இருக்கலாம் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமல் போகலாம். ஆபரேஷன் ஆகிவிட்டால் அத்தோடு விடாமல் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். தனியாக, திட்டாமல்.

நண்பர் நேற்று போன் செய்தார். பாட்டி அப்படித்தான் கேட்டாராம். "எப்பவாவது முழுங்குவேன் பாட்டி" என்றாளாம் பேத்தி. உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. இந்த ஜூனில் பள்ளிக்கூடம் மாற்றியிருக்கிறார்கள். புது வகுப்பில் அவளோடு யாரும் பேசுவதில்லையாம். அது வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது சாயங்காலம் தாத்தாவுக்கும் பேத்திக்கும் பல்லாங்குழி நடக்கிறது. கைக்கு வேலை ஆயிற்று, பேச்சுக்கும் துணை ஆயிற்று. தாத்தாதான் தினமும் தோற்கிறாராம்.